டெய்சிக்கு ஒரு சேதி

சகோதரிகளே, ஜெஸ்ஸி பிரௌன் கதை தெரியுமோ? அமெரிக்காவில் மிஸிஸிப்பியில் 1926-இல் பிறந்தவர். கறுப்பர்களை ஒதுக்கி வைத்த அந்த நாளிலேயே, கடற்படை விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பர் அவர்தான்.

1950 டிசம்பர் 4, கொரியப் போர். குண்டடி பட்ட அவர் விமானம் பனிமலையில் விழுந்தது. கால் உள்ளே மாட்டிக்கொண்டது. கூடப் பறந்த வெள்ளைக்கார நண்பர் டாம் ஹட்னர் என்ன செய்தார் தெரியுமா? தன் விமானத்தையும் வேண்டுமென்றே பக்கத்தில் மோதி இறக்கினார்! புகைந்த எஞ்சினில் பனியை அள்ளி அள்ளிப் போட்டார். இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. மனைவி டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லச் சொல்லிவிட்டு ஜெஸ்ஸி கண்மூடினார். வயது 24, வீட்டில் சின்னக்குழந்தை.

சேதியைச் சேர்த்ததோடு ஹட்னர் ஓயவில்லை. 2013-இல், 88 வயதில், நண்பரின் உடலைத் தேடி வடகொரியாவுக்கே போனார். மழை வெள்ளம் வழிமறித்தது. வெறுங்கையோடு திரும்பினாலும், 63 வருஷம் மறக்காத மனசு பெரிசு இல்லையா?