‘கொல்லாக் குண்டு’ எனும் குழூஉக்குறி

தமிழ் இலக்கணத்தார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தனர். அவையிற் சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டாற் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றது இம் மூன்றாவதற்குப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. மங்கலம் பிறர் நோவைத் தணிக்கப் பிறந்தது. குழூஉக்குறியோ, எதிரே நிற்பவனுக்கு உண்மை விளங்காதிருக்கப் பிறந்தது.

இற்றை நாளில் உலகின் காவற்படைகளுக்குக் கருவி விற்கும் வணிகர் ‘உயிர்கொல்லாப் படைக்கலம்’ என்றொரு சொல்லை வழங்குகின்றனர். இரப்பர் குண்டும் நெகிழிக் குண்டும் ஈய இரவையும் கண்ணீர்ப்புகைக் குப்பியும் இப் பெயருக்குள் அடக்கம். கேட்போர் இதனை மங்கல வழக்கென மயங்குகின்றனர். மங்கலமன்று இது! விற்போனும் வாங்குவோனும் தமக்குள் கண்சிமிட்டிக் கொள்ளும் குழூஉக்குறியே இது. பிணங்கள் விழுந்து ‘கொல்லா’ என்பது பொய்த்தபோது, ‘குறைவாகக் கொல்லும்’ என்று அதனைத் திருத்திக் கொண்டனர். குறைவாகச் சாதல் என்று ஒன்று உலகில் உண்டோ?

இச் சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலேயர் தம் ஆட்சிக்குட்பட்டிருந்த ஆங்காங்கில் மரக்கட்டைக் குண்டுகளைக் கையாண்டனர். வட அயர்லாந்தின் வெள்ளைத் தோலினர்க்கு மரம் கடுமையானது எனக் கருதினர் போலும்! 1970இல் அங்கே இரப்பர் குண்டு வந்தது. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையும் உடைய கட்டை அது. நிலத்திற் சுடவேண்டும், அது துள்ளிச் சென்று காலிற் படவேண்டும் என்பது ஏட்டில் எழுதிய நெறி. தெருவில் நடந்ததோ வேறு. 1971 நவம்பரில் பெல்பாசுட்டு நகரில் படையினர் தேடுதல் நடத்திக் கொண்டிருந்தபோது, எம்மா குரோவ்சு என்னும் அம்மையார் தம் வீட்டுக்குள் பலகணியருகே நின்றார். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய் அவர். மிக அருகிலிருந்து சுட்ட இரப்பர் குண்டு அவர் முகத்திற் பாய்ந்தது. இரு கண்களும் அவிந்தன. 1972 ஏப்பிரலில் 11 அகவைச் சிறுவன் ஒருவன் இதே குண்டால் மாண்டான். 1975 வரையில் 55,000க்கும் மேற்பட்ட இரப்பர் குண்டுகள் அச் சிறு நிலத்தில் சுடப்பட்டன.

அதன்மேல் குண்டை மாற்றினர், பெயரையும் மாற்றினர். 1973இல் வந்த நெகிழிக் குண்டு முன்னதனினும் கொடிதாயிற்று. 1972 முதல் 1989 வரை இவ்விருவகைக் குண்டுகளாலும் மாண்டோர் 17 பேர். அவருள் 8 பேர் சிறார். கண்ணிழந்த குரோவ்சு அம்மையார் 1984இல் கிளாரா இரெய்லி என்பாருடன் இணைந்து நெகிழிக் குண்டெதிர்ப்பு இயக்கம் கண்டார். 2005இல் ஆங்கில அரசு மேலும் ஒரு புதுக் குண்டைக் கொணர்ந்தது. அதற்கிட்ட பெயரில் ‘குண்டு’ என்னும் சொல்லே இல்லை. ‘ஆற்றல் தணிக்கும் எறிபொருள்’ என்று பொருள்படும் நீள்பெயர் அது.

பெயர் மட்டுமன்று, பொருளும் பொய்யாகும் என்பதற்குத் தென்னமெரிக்கச் சிலி நாடு சான்று. 2019 அக்டோபரில் சுரங்கத் தொடர்வண்டிக் கட்டண உயர்வை எதிர்த்து அங்கே கிளர்ச்சி மூண்டது. காவற்படையினர் ‘இரப்பர் இரவைகளை’ச் சுட்டனர். கண்களில் காயமுற்றோர் தொகை சில திங்களில் 400ஐக் கடந்தது. இரப்பர் எப்படிக் கண்ணைப் பிளக்கும் என்று மருத்துவர்க்கு ஐயம் எழுந்தது. உடலிலிருந்து எடுத்த இரவைகளைச் சிலிப் பல்கலைக்கழகப் பொறியியலார் ஆய்ந்தனர். அவற்றில் இரப்பர் 20 விழுக்காடே. எஞ்சிய 80 விழுக்காடு மணற்சத்தும் ஈயமும் பிறவும் கலந்த வன்பொருள்! அரசு வாங்கியது இரப்பர் என்று. குடிமக்கள் உடலில் ஏறியது ஈயம். ஆய்வு வெளிவந்த பின்னரே, அந் நவம்பரில் இரவைச் சூட்டை நிறுத்தி வைத்தனர். வாங்கும்போதே ஒரு கைப்பிடியை எடுத்து ஆய்ந்திருந்தால் எத்தனைக் கண்கள் எஞ்சியிருக்கும்! அதே திங்களில் பணிக்குச் செல்லப் பேருந்துக்குக் காத்திருந்த பபியோலா கம்பிலாய் என்னும் தொழிலாளியின் முகத்திற் கண்ணீர்ப்புகைக் குப்பி பாய்ந்து பார்வையைப் பறித்தது. அவர் 2021இல் அந் நாட்டு மேலவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுட்ட அலுவலர்க்கு 2022இல் 12 ஆண்டுச் சிறை கிடைத்தது. அத்தகைய தீர்ப்பு அரிதினும் அரிது.

காசுமீரத்தில் இந்தப் போர்வையும் இல்லை. பறவை வேட்டைக்கெனப் பிறந்த இரவைத் துமுக்கியை (துப்பாக்கியை) 2010 முதல் அங்கே மாந்தர்மேற் கையாள்கின்றனர். ஓர் உறைக்குள் ஏறத்தாழ 450 மாழை மணிகள். சுட்டவுடன் அவை விரிந்து பரவும். குறி என்பதே அதற்கில்லை. எவன்மீது சுட்டார்களோ அவனுக்கும், அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கும், வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பவளுக்கும் ஒரே பங்கு. 2016இல் 32 நாள்களில் மட்டும் ஏறத்தாழ 13 நூறாயிரம் இரவைகளைச் சுட்டதாக நடுவணரசின் சேமக் காவற்படையே உயர்நெறிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. அவ்வாண்டு சூலையில் சோப்பியான் மாவட்டச் சிற்றூரொன்றில் 14 அகவைச் சிறுமி தன் வீட்டுப் பலகணியிலிருந்து வெளியே நோக்கினாள். இரு கண்களும் போயின. பெல்பாசுட்டுப் பலகணிக்கும் சோப்பியான் பலகணிக்கும் இடையே 45 ஆண்டுகள். கற்றுக் கொள்ள அந்தக் கால அளவு போதாதோ? மாற்றுக் கருவி ஆராய நடுவணரசு அமைத்த குழு 2016 ஆகத்தில் மிளகாய்க் காரம் போன்ற சத்தடைத்த குண்டுகளைப் பரிந்துரைத்தது. இரவைத் துமுக்கியோ ஒழியவில்லை. 2018 நவம்பரில் இரண்டு அகவை நிரம்பாத பெண்குழந்தையின் கண்ணில் இரவை பாய்ந்தது. அக் குழந்தை எந்த அரசைக் கவிழ்க்கப் புறப்பட்டது?

இவையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நேர்ந்த பிழைகள் என்பார்க்கு மருத்துவர்தம் கணக்கு விடை சொல்லும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கட்டுரையொன்றில், இத்தகைய குண்டுகளாற் காயமுற்ற 1,984 பேரின் நிலை ஆராயப்பட்டது. 53 பேர் மாண்டனர். 300 பேர் நிலையான ஊனமுற்றனர். கொல்லாக் குண்டின் கணக்கு இது!

இனி, எதிர்வழக்காடுவோர் கூற்று ஒன்றுண்டு. அதனைத் தள்ளிவிட்டுப் போதல் நேர்மையன்று. “இரவையும் இரப்பரும் இல்லையெனில் காவலர் உண்மைக் குண்டையன்றோ எடுப்பர்? சாவு கூடுமன்றோ?” என்கின்றனர். சேமக் காவற்படையும் மன்றத்தில் இதையே சொன்னது. தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் பக்கல் தொடங்கிய சூட்டில் 13 பேர் மாண்டதைக் காட்டி, இரப்பர் குண்டு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று நெஞ்சம் நொந்து கேட்கும் தமிழரும் உளர்.

நொந்த நெஞ்சினர்க்கு மதிப்புடன் விடை கூறல் வேண்டும். 1972 சனவரி 30இல் வட அயர்லாந்தின் தெரி நகரில் ஆங்கிலப் படையினர் கையில் இரப்பர் குண்டு இருந்தது; கண்ணீர்ப்புகை இருந்தது; நீர்பீய்ச்சும் வண்டியும் இருந்தது. மூன்றையும் அன்று கையாண்டனர். அதன் பின்னரும் உண்மைக் குண்டாற் சுட்டு 13 பேரை அன்றே கொன்றனர். மென்கருவி வன்கருவிக்கு மாற்றாக வரவில்லை. அதற்கு முன்னோடியாகவே வந்தது. தூத்துக்குடியை உசாவிய அருணா செகதீசன் ஆணையமும், கருவிப் பஞ்சத்தால் மக்கள் மாண்டனர் என்று கூறவில்லை. தூண்டுதலின்றி, முறைப்படியான முன்னெச்சரிக்கையின்றி, ஓடுகின்ற மக்களைச் சுட்டனர் என்றே கண்டது. சுடுவோனுக்கு வினவுவார் எவருமில்லையெனில், எந்தக் கருவியைக் கொடுத்தாலும் கொலைக்கருவியே. ‘கொல்லா’ என்னும் பெயரோ அவன் விரலை இன்னும் விரைவுபடுத்தும். உண்மைக் குண்டை எடுக்க ஆயிரம் முறை எண்ணுபவனும், கொல்லாது என்று எழுதிய குண்டை எண்ணாமலே எடுப்பான்.

ஆதலின் தடுப்பு, விற்பனைக் களத்திலேயே தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஒரு சட்டம் இயற்றியது. உடலிற் கட்டி மின்னதிர்ச்சி தரும் வார்ப்பட்டை போன்றவற்றை ஏற்றுமதி செய்வதையே அது தடுத்தது. வேறு சிலவற்றுக்கு இசைவுச்சீட்டு வேண்டும் என்றது. ஒன்றிய நாடுகளின் பொதுப்பேரவை 2019 சூனில், வதைக்கருவி வணிகத்துக்கு உலகளாவிய பொதுநெறி காணத் தீர்மானித்தது. 2023இல் அதன் வதையெதிர்ப்புச் சிறப்பறிக்கையாளர் ஆலிசு எட்வர்ட்சு அம்மையார், இதற்கென நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே வேண்டும் என்றார். ஒன்றிய நாடுகளின் மாந்த உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, காசுமீரத்திற் சுடப்படுவன போன்ற மாழை இரவைகளை ஒருபோதும் கையாளலாகாது என ஐயத்துக்கிடமின்றிக் கூறிற்று. தில்லிக்கு அவ் வழிகாட்டி கிடைக்கவில்லையோ? வதையெதிர்ப்பு உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்ட இந்திய அரசு, அதனை உறுதிசெய்து தன் மேல் சுமத்திக் கொள்ள இன்றுவரை முன்வரவில்லை. 2010இல் மக்களவை ஏற்ற வதைத்தடுப்புச் சட்ட வரைவும் மேலவைக்குப் போய் உறங்கி மடிந்தது. அதற்கு வேண்டுமானால் ‘துஞ்சியது’ என்னும் மங்கலம் பொருந்தும்.

கேட்க வேண்டுவன அரியன அல்ல. இரவைத் துமுக்கியைக் காவற்படையின் கருவிப் பட்டியலிலிருந்தே நீக்குக. பிற குண்டு எதுவாயினும், வாங்குமுன் அரசு சாராப் பல்கலைக்கழகமொன்று அதனைப் பிளந்து பார்த்து, உள்ளிருப்பதைப் பொதுமக்கள் அறிய வெளியிடுக. ஒவ்வோர் உறையிலும் எண் பொறித்து, எந்தக் காவலர் எந்த நாளில் எங்கே சுட்டார் என்று பதிந்து வைக்குக. காயமுற்றோரை மருத்துவமனையிற் குற்றவாளி போல் உசாவாது, காயத்தை மட்டும் மருத்துவர் எழுதுக. பொய்ப்பொருள் விற்றவன் எந்நாட்டானாயினும் வழக்குமன்றில் நிறுத்துக. தமிழ்த் தாளிகைகள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு: விற்போன் எழுதித் தரும் பெயரை அப்படியே மொழிபெயர்த்து ‘உயிர்ச்சேதம் விளைவிக்காத துப்பாக்கி’ என்று அச்சிடுவதை இன்றோடு நிறுத்துக. கண்ணைப் பறிக்கும் குண்டைக் கண்பறிக்கும் குண்டு என்றே எழுதுக.