பாகின் பதமும் வீட்டுக் கருவியும்

நம் சங்கத்துக் குடும்பங்களில், கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளைக் குடிவைத்திருப்போர் பலர். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கொணரும் பண்டங்களுள் மேப்பிள் பாகுப் புட்டியும் ஒன்று. அப்பாகைக் காய்ச்சும் சிறு குடியானவர்கள் அதன் பதத்தை எவ்வாறு அறிகின்றனர், அதற்கான கருவிகளை வீட்டிலேயே எங்ஙனம் அமைத்துக்கொள்ளலாம் என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலும் இத்தொழில் சிறந்து விளங்குகின்றது. குளிர்காலத்தின் இறுதியில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் நாட்களில், மேப்பிள் மரத்தைத் துளைத்துச் சாற்றை வடிக்கின்றனர். அச்சாறு பார்வைக்குத் தண்ணீரே. நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்குதான் அதில் சர்க்கரை. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்து ஜோன்ஸ் என்பார் ஓர் எளிய கணக்கை வகுத்துத் தந்தார். 86 என்னும் எண்ணைச் சாற்றின் சர்க்கரை விகிதத்தால் வகுத்தால், ஒரு படி பாகுக்கு எத்தனை படி சாறு வேண்டும் என்பது விளங்கும். 2 பங்குச் சர்க்கரை உடைய சாறாயின் 43 படி வேண்டும்.

இத்துணைச் சாற்றையும் விறகையும் செலவிட்டுக் காய்ச்சிய பாகு, இறுதியில் பதம் தவறினால் பயனற்றுப் போகும். நூற்றுக்கு 66 பங்கு சர்க்கரை சேர்ந்த நிலையே உரிய பதம். அதனினும் நீர்த்திருந்தால் புட்டியிலேயே புளிக்கும். மிகுதியும் இறுகினால் அடியில் கற்கண்டாகப் படியும். கரண்டியிலிருந்து சொட்டுச்சொட்டாக வீழாமல் திரைபோல் படர்ந்து இறங்குவதைக் கண்டு பதம் சொல்வது பழைய வழக்கம். பழகிய கண்ணுக்கு அது போதும்; புதியவர்க்குக் கருவி வேண்டும்.

முதற் கருவி வெப்பமானி. நீர் கொதிக்கும் வெப்பத்தினும் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ் மிகுதியான வெப்பத்தில் கொதிக்கும்போது பாகு பதமடைகின்றது. ஆயினும் நீர் எங்கும் 100 பாகையில் கொதிப்பதில்லை. இடம் 300 மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 1 பாகை குறையும். பெங்களூரில் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். வானிலை மாறினும் சிறிது மாறும். ஆதலின் காய்ச்சும் நாளன்றே வெறும் நீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதனோடு 4 கூட்டுதல் வேண்டும். வெப்பமானியிலேயே சிறு பிழை இருப்பினும் இம்முறையால் அது நீங்கிவிடும்.

இரண்டாவது கருவி திரவமானி. பாகில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழல். இதனை வாங்குவதே நன்று. வைக்கோல் தண்டு போன்ற மெல்லிய குழலின் அடியில் பாரமிட்டு நாமே ஒன்று செய்யலாம். ஆனால் தண்ணீரில் 16 செண்டிமீட்டர் அமிழும் குழல், உரிய பதத்துப் பாகில் 12 செண்டிமீட்டர் அமிழும். பதம் ஒரு பங்கு குறைந்தால் உண்டாகும் வேறுபாடோ அரை மில்லிமீட்டர் அளவே! அதனைக் கண்ணால் அறிதல் அரிது. கடைத் திரவமானிக்கு அடியில் பருத்த குமிழும் மேலே மெல்லிய காம்பும் இருப்பது இச்சிறு வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டவே.

திரவமானியை மிதக்கவிடும் உயர்ந்த குவளையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். திரவமானியினும் நீண்ட, அது பக்கங்களில் உரசாத அளவு அகன்ற எவர்சில்வர் குழாயின் ஒரு முனையை மூடி, கைப்பிடி ஒன்று பொருத்தினால் போதும். இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பற்றவைக்கும் ஈயப்பற்றில் காரீயம் கலந்திருத்தல் கூடாது. கொதிக்கும் பாகில் காரீயம் கலந்து உடலுக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, கேடு விளைக்கும்.

எல்லாவற்றினும் எளிய வீட்டுக் கருவி ஒரு கண்ணாடிப் புட்டியும் தராசுமே. வெறும் புட்டியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. அதில் சரியாக 500 கிராம் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் கோடிடுக. பின்னர் நீரை வடித்து, புட்டியை நன்கு உலர்த்தி, அறையின் சூட்டுக்கு ஆறிய பாகை அதே கோடுவரை நிரப்பி நிறுத்து, புட்டியின் எடையைக் கழித்திடுக. 662 கிராம் நின்றால் 66 பங்குப் பதம். 659 நின்றால் 65. ஒரு பங்குக்கு 3 கிராம் வேறுபாடு. அடுக்களையில் உள்ள மின்தராசே இதனைக் காட்டும். கழுத்துக் குறுகிய புட்டியாயின் கோட்டில் பிழை நேராது.

மேப்பிள் மரம் நம்மிடம் இல்லையே என்று எவரும் இதனை ஒதுக்கவேண்டா. கோடைக்கென வெறும் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைக்கும் இல்லத்தரசியர்க்கும் இக்கணக்கே பொருந்தும். சில நாட்களில் பாகு புளித்துவிட்டதாயின், அது நீர்த்த பதத்தில் இறக்கப்பட்டதா என்பதைப் புட்டியும் தராசும் சொல்லிவிடும். பாட்டியார் விரலிடையில் பார்த்த கம்பிப் பதத்தைக் கைவிடவேண்டுவதில்லை. அதனோடு எடையையும் ஒருமுறை எழுதிவைத்தால், ஊர்விட்டு ஊர் வந்த நம் பெண்மக்களுக்கு அக்கைப்பக்குவம் தவறாமல் போய்ச்சேரும்.