வேலை முடிந்தால் கரைந்துவிடும்

நிலவுக்குப் போய் பத்திரமாகத் திரும்பிய நீல் ஆம்ஸ்ட்ராங், 2012 ஆகஸ்டில் பைபாஸ் அறுவை சிகிச்சையிலிருந்தும் பத்திரமாகவே மீண்டார். எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். பிறகு, இதயத்தோடு இணைத்திருந்த தற்காலிக பேஸ்மேக்கர் ஒயர்களை உருவி எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்தது. ரத்த அழுத்தம் சரிந்தது. ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். வயது 82.

அறுவை சிகிச்சைக்குப் பின் இதயத்துடிப்பு சில நாட்கள் தடுமாறலாம். அதற்காக இதயத்தின் மேற்புறத்தில் ஒயர்களைத் தைத்து, மார்பு வழியாக வெளியே இழுத்து ஒரு பெட்டியில் இணைப்பது பல்லாண்டுகால வழக்கம். கிருமி தொற்றலாம், ஒயர் நழுவலாம். எடுக்கும் நேரம்தான் இன்னும் ஆபத்தானது. ஒயரைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருந்தால், இழுக்கும்போது இதயம் கிழியக்கூடும்.

எடுக்கவே தேவையில்லாத கருவி இருந்தால்? அமெரிக்காவில் ஜான் ரோஜர்ஸ், இகோர் எஃபிமோவ் ஆகியோரின் குழு 2021இல் அப்படி ஒன்றை அறிவித்தது. எடை அரை கிராமுக்கும் குறைவு. பேட்டரி கிடையாது, வெளியிலிருக்கும் ஆன்டெனாவிலிருந்து கம்பியில்லாமல் மின்சக்தி பெறும். ஐந்திலிருந்து ஏழு வாரங்களில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும்.

ஆனால் ஆன்டெனாவுக்கு இடம் வேண்டுமே. கருவியை அதற்கு மேல் சுருக்க முடியவில்லை. 2025 ஏப்ரலில் இதே குழு காட்டிய புதிய கருவி அரிசி மணியைவிடச் சிறியது: நீளம் 3.5 மி.மீ., அகலம் 1.8 மி.மீ. ஊசி வழியாகவே செலுத்திவிடலாம். அதன் இரு மின்முனைகளும் உடலின் திரவத்தோடு சேர்ந்து சின்ன பேட்டரியாகிவிடுகின்றன. மார்பின் மேல் ஒட்டிய பட்டை, துடிப்பு தவறும்போதெல்லாம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். ஒளி பட்டதும் கருவி இதயத்தைத் தட்டிவிடும்.

குழுவின் முதல் கவலை பச்சிளங் குழந்தைகள்தான். உலகில் பிறக்கும் நூறு குழந்தைகளில் சுமார் ஒன்றுக்கு இதயக் கோளாறு இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலான குழந்தைகளுக்கு பேஸ்மேக்கர் துணை ஏறக்குறைய ஏழு நாட்களே போதும். ஆனால் அந்த ஏழு நாட்களைத் தவறவிட முடியாது. அவ்வளவு சிறிய இதயத்துக்குக் கருவியும் சிறிதாகத்தானே இருக்கவேண்டும்?

2025இல் வெளியான சோதனைகள் விலங்குகளிலும், தானமாகப் பெற்ற மனித இதயங்களிலும் நடந்தவை. உயிருள்ள மனிதரிடம் சோதித்து அனுமதி பெறுவது அடுத்த கட்டம். அதைத் தாண்டினால், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தையின் மார்பிலிருந்து உருவி எடுக்க எதுவும் இருக்காது.