மருத்துவர் காணாத மருந்துப் பதிவேடு

காசநோய் மருந்துகள், வீரியமிக்க சில நுண்ணுயிர் எதிர்ப்பிகள், டிரமடால் போன்ற அபினி வகை வலிநிவாரணிகள், அல்பிரசோலம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள் ஆகியவற்றை விற்கும் மருந்துக்கடைகள், சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது, 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையின் விதியாகும். அந்தப் பதிவேட்டை மருந்து ஆய்வாளர் வந்து பார்க்கலாம். அதே நோயாளிக்கு மறுநாள் வேறொரு சீட்டை எழுதப்போகும் மருத்துவருக்கோ அதைக் காண வழியே இல்லை.

இக்குறை உயிரைப் பறிக்கக்கூடியது. அபினி வகை வலிநிவாரணியும் பதற்றத் தணிப்பு மாத்திரையும் தனித்தனியே மூச்சை மந்தப்படுத்துபவை என்பதால், எலும்பு மருத்துவர் ஒன்றையும் மனநல மருத்துவர் மற்றொன்றையும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் தரும்போது, இருவருமே பிழை செய்யாத நிலையிலும் நோயாளியின் மூச்சு நின்றுவிடலாம். எனவே, எச்1 மருந்துகளின் விற்பனைப் பதிவு மின்னணு வடிவுக்கு மாறி, சிகிச்சை தரும் மருத்துவர் சீட்டு எழுதுமுன் பார்க்கத்தக்கதாக வேண்டும்.

அமெரிக்காவில் இத்தகைய கண்காணிப்புத் தரவுத்தளத்தைப் பார்த்த பின்னரே சீட்டு எழுத வேண்டும் என்று கென்டக்கி 2012-லும் நியூயார்க் 2013-லும் கட்டாயமாக்கின. ஆனால், 2016-இல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அபினி வகை வலிநிவாரணிகளுக்குப் பரிந்துரைத்த அளவு வரம்புகள் மீறக்கூடாத சட்டம்போலக் கொள்ளப்பட்டு, நாள்பட்ட வலியால் வாடியோரின் மருந்து திடீரென நிறுத்தப்பட்டதும், அவ்வாறு நிறுத்துவது தற்கொலை வரை இட்டுச்செல்லும் என 2019-இல் அங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்க நேர்ந்ததும், அந்த மையமே 2022-இல் தன் பரிந்துரைகளைத் திருத்தியதும் மறக்கத்தக்கவை அல்ல. இந்தியாவுக்கும் இவ்வேதனை புதிதன்று. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், 2014-இல் அது திருத்தப்படும்வரை, புற்றுநோயாளிகள் பலர் மார்பின் கிடைக்காமலே துடித்தனர்.

ஆகவே, இப்பதிவு சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறை அதைத் திறக்கக் கூடாது. பதிவில் ஐயம் எழுந்தால் மருத்துவர் நோயாளியை விரட்டாமல் அவரோடு பேசி, அளவைப் படிப்படியாகக் குறைக்கவோ அடிமைநிலைக்குச் சிகிச்சை தரவோ இடமளிக்கும் வகையில் விதிகள் அமைய வேண்டும். இதற்கான மென்பொருளைச் சிறு மருந்துக்கடைகளுக்கு அரசே இலவசமாக வழங்குவது அவசியம்.