பிரெஞ்சு ஒலிப்பும் சித்தூர் மாணவரின் புணர்ச்சியறிவும்

தாய்மொழியின் தாக்கமே மாணவரின் பிரெஞ்சு ஒலிப்பைக் கெடுக்கிறது என்று மொழி வகுப்புகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சித்தூரையும் திருப்பதியையும் பொறுத்தவரை இக்கூற்று பாதி உண்மையே. வடஆற்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்த அம்மண்ணில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. இரண்டுமே சொல்லுக்குச் சொல் நின்று பேசப்படும் மொழிகள் அல்ல. ஒவ்வொரு சொல்லையும் தனித்து வாசிக்கவைக்கும் பாடமுறைதான் மாணவரை நிறுத்தி நிறுத்திப் பேசப் பழக்குகிறது.

பிரெஞ்சின் ஒலியசை சொல்லெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. 'இல்' (அவன்), 'அரீவ்' (வருகிறான்) ஆகியவை சேர்ந்தால் 'இ-ல-ரீவ்' என்றே பிரியும். 'அவள் அழைத்தாள்' என்பதை 'அ-வ-ள-ழைத்-தாள்' என இயல்பாக ஒலிக்கும் நாவுக்கு இதில் புதுமை ஏது? நன்னூலார் மெய்யின்மேல் உயிர் வந்து கூடுவதை இயல்பு என்றே வகுத்தார். 'லா', 'எகோல்' (பள்ளி) என்பவை 'லெகோல்' ஆகும்போது முன்னின்ற உயிர் கெடுகிறது. 'வாடு எக்கட' தெலுங்கில் 'வாடெக்கட' ஆவதும், 'காடு அன்று' தமிழில் 'காடன்று' ஆவதும் இதற்கு நெருங்கிய உறவுடைய மாற்றங்கள். உத்வ சந்தியையும் குற்றியலுகரத்தையும் பள்ளியிலேயே படித்து முடித்த மாணவரிடம் இதனை முற்றிலும் அயலான விதியாக அறிமுகப்படுத்துவது வீண் சுமை.

தாய்மொழி இடறச்செய்யும் இடங்களும் உண்டு. இரட்டித்து எழுதப்படும் மெய்யைத் தமிழரும் தெலுங்கரும் அழுத்தி ஒலிப்பர்; பிரெஞ்சில் அது பெரும்பாலும் ஒற்றை மெய்யே. எழுத்தில் உறங்கும் ஈற்று மெய் உயிரின் முன் விழித்துக்கொள்ளும் லியேசோனுக்கு நம்மிடம் நேர் இணை இல்லை. அதுவும் எங்கும் நிகழ்வதன்று. 'வீரர்கள்' என்ற பொருளுடைய 'லே ஏரோ'வில் இல்லாத ஸகரத்தைப் புகுத்தினால், வீரர்கள் அனைவரும் சுழியங்களாகிவிடுவர்!

தமிழாசிரியர் கவனிக்க வேண்டியது மற்றொன்று. யாப்பின் அசையும் ஒலியியலின் அசையும் வேறு. பாரிஸ் நகரப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் 'பரி' என்பர். யாப்பில் அது ஒரே நிரையசை. பிரெஞ்சிலோ 'ப-ரி' என இரண்டு ஒலியசைகள். 'அசை' என்ற ஒரே சொல்லை இரண்டிற்கும் வழங்குவதால் குழப்பம் விளைகிறது. 'ஒலியசை' எனப் பிரித்து வழங்குவதே தகும். அந்தத் தெளிவோடு, பிரெஞ்சு வகுப்பின் முதல் வாரத்தைப் புணர்ச்சிக்கு ஒதுக்கலாம்; கரும்பலகையில் 'வாடெக்கட', 'காடன்று', 'லெகோல்' மூன்றையும் அருகருகே எழுத ஐந்து நிமிடம் போதும்.