கோடையும் ஆய்வகமும்

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு மீனவர் வாழும் ஊர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அக்காலம் வீண்போவதில்லை, கிழிந்த வலைகள் சீராகும். மாணவரின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அந்நாள்களிலேயே வருகிறது. அதனை எவ்வாறு பயன்கொள்வது? ஒரு மாணவர் மருத்துவ ஆய்வகத்தில் கழித்த கோடை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

1921 மே மாதம் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் பேன்டிங் என்னும் மருத்துவர் நீரிழிவு குறித்த ஆய்வைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக அமைந்தவர் 22 வயது மாணவர் சார்லஸ் பெஸ்ட். கணையச் சாற்றை நீரிழிவுற்ற நாய்களுக்குச் செலுத்தி, குருதியிலும் சிறுநீரிலும் சர்க்கரையின் அளவைக் கணக்கிட்டனர். தொடக்க வாரங்களில் தோல்விகளே மிகுந்தன. அளவீட்டில் கவனமில்லை என்று ஒருமுறை பேன்டிங் கடிந்துகொள்ள, பெஸ்ட் இரவெல்லாம் விழித்திருந்து கண்ணாடிக் கலன்களைக் கழுவினார் என்பர்.

1922 சனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. போதிய பயன் கிட்டவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய மருந்தைச் சனவரி 23 அன்று செலுத்தியபோது சிறுவனின் உடல்நிலை தேறியது. இன்சுலின் உலகுக்குக் கிடைத்தது. 1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு பேன்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் வழங்கப்பட்டது. பேன்டிங் தம் பரிசுத்தொகையில் பாதியைப் பெஸ்டுக்கு அளித்தார்.

இரண்டே திங்களில் மாணவர் எதனைக் கண்டுபிடித்துவிட முடியும், அந்நாள்களில் தேர்வுக்குப் படிக்கலாமே என்று கேட்போர் உளர். பெஸ்டுக்கு வாய்த்த வெற்றி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் அவர் கற்ற பாடம் எல்லார்க்கும் உரியது. தேர்வில் விடை முன்னரே உண்டு, ஆய்வகத்தில் இல்லை. எதிர்பார்த்த எண் வாராதபோதும், வந்த எண்ணையே குறிப்பேட்டில் பதியும் நேர்மையை அங்கேதான் பயில இயலும். ஆய்வக முடிவை நம்பியே மருத்துவர் மருந்தின் அளவை உறுதிசெய்கிறார். அங்கு நேரும் சிறுபிழை ஓர் உயிரைப் பாதிக்கக்கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் மருத்துவ மாணவர்க்கான குறுங்கால ஆய்வுத் திட்டத்தை 1979இல் தொடங்கியது. இத்தகைய வாய்ப்பு மருத்துவக் கல்லூரியோடு நின்றுவிடலாகாது. காரைக்காலிலேயே 2016 முதல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இவைபோன்ற நிறுவனங்கள் கோடையில் சில நாள்களேனும் பள்ளி மாணவருக்குத் தம் ஆய்வகக் கதவுகளைத் திறத்தல் வேண்டும். கிளிஞ்சல்மேட்டுச் சிறாரும் நுண்ணோக்கியின் வழியே ஒரு துளிக் குருதியைக் காணட்டும். ஒரு முடிச்சுத் தளர்ந்தாலும் வலை பயன்தாராது என்பதை அறிந்த ஊரின் பிள்ளைகளுக்கு, ஓர் எண் பிழைத்தாலும் ஆய்வு பயன்தாராது என்பதை உணர்த்துவது அரிதன்று.