மீட்டமைக்கும் முன்

திருச்சானூர் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கணினி முரண்டு பிடித்தால் மூத்தோர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளையே அழைக்கின்றனர். பிள்ளைகளும் செயலியின் அமைப்புகளை நொடியில் அழித்துப் பழுதைப் போக்கிவிடுகின்றனர். விரைவு நன்றே, ஆயினும் கேளாமல் செய்வது முழுமையான உதவி ஆகாது.

சான்றாக, லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச அலுவலகச் செயலியை நோக்கலாம். பயனர் செய்த மாற்றங்கள் அதில் ஒரு தனிக் கோப்புறையில் தங்குகின்றன. தட்டச்சு செய்து வேறிடத்தில் சேமித்த கடிதங்கள் அங்கு இல்லை. எனவே மீட்டமைத்தாலும் அவை அழியா. ஆனால் பிழைதிருத்தும் அகராதியில் சேர்த்த சொற்களும், பட்டிகளைத் தமிழில் காட்டச் செய்த தெரிவும் அங்கேயே உள்ளன. அனைத்தையும் அழித்தால், தமிழ்ப் பட்டிகளுக்குப் பழகிய பாட்டி மறுநாள் ஆங்கிலப் பட்டிகளைக் காண நேரலாம். பேரனுக்கு அது சிறு மாற்றம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கோ அடைபட்ட கதவு.

இவ்விழப்பைத் தவிர்க்க வழி உண்டு. 2017ஆம் ஆண்டு வெளிவந்த 5.3ஆம் பதிப்பு முதல், அச்செயலியின் உதவிப் பட்டியில் 'பாதுகாப்பு முறை' இடம்பெற்றுள்ளது. அம்முறையில் செயலி தற்காலிக அமைப்புகளுடன் இயங்கும். அப்போது பழுது தோன்றாவிடில், குறை பயனரின் அமைப்புகளில் இருக்கக்கூடும். பழைய அமைப்புகளை ஒரே கோப்பாகக் கட்டிவைக்கவும் அங்கு வசதி உண்டு. பயர்பாக்ஸ் உலாவியும் புதுப்பிக்கப்படும்போது, சேமித்த கடவுச்சொற்களைக் காத்து, நீட்சிகளை நீக்குகிறது.

ஆகவே, உதவுவோர் முதலில் பயனர் எவற்றை மாற்றி வைத்துள்ளார் எனக் கேட்டறிதல் வேண்டும். அடுத்து நகல் எடுத்தல் வேண்டும். பின்னரே மீட்டமைத்தல் வேண்டும். முடிந்ததும் பட்டிகளின் மொழியை மீண்டும் தமிழுக்கு மாற்றித் தருதலும் அவர்தம் கடமையே.

இத்துணைப் பொறுமைக்கு நேரம் ஏது எனச் சிலர் வினவலாம். சுட்டியைப் பிடுங்கிச் செய்தால் அன்று சில நிமிடங்கள் மிஞ்சும். ஆனால் அடுத்த பழுதுக்கும் அதே பிள்ளை வந்தாக வேண்டும். மூத்தவர் கையில் சுட்டியைக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் தமிழில் விளக்கினால், அவர் அச்சம் நீங்கிக் கற்றுக்கொள்வார். பழுதை நீக்குவதோடு தன்னம்பிக்கையையும் தருவதே உண்மையான உதவி.